உன்ர கிண்ணமும் என்ர நீத்துப்பெட்டியும்

எடி பிள்ளை, நீ வட்ஸப்பில அனுப்பின படம் பாத்தன். வெள்ளைக் கிண்ணத்துக்குள்ள ஒரு பக்கம் தானியம், ஒரு பக்கம் கடலை, ஒரு பக்கம் பச்சை இலை, மேல மஞ்சளாய் ஏதோ வழியுது. ஒண்டோட ஒண்டு முட்டாமல், கோவிச்சுக்கொண்ட சொந்தக்காரர் கலியாணவீட்டுப் பந்தியில இருக்கிற மாதிரி இருக்கினம். வீகன் கிண்ணமாம். ஸ்காபரோவில கடையில வாங்கினால் நீ சொல்லுற காசுக்கு இஞ்ச நாங்கள் ஒரு கிழமை உலை வைப்பம். "ஆச்சி, ராச்சாப்பாட்டுக்கு லேசா இப்பிடி ஒண்டு செய்யப் பழக்கிவிடுங்கோ" எண்டு கேட்டிருக்கிறாய். கேக்கவேண்டிய ஆளிட்டத்தான் கேட்டிருக்கிறாய், ஆனால் கேட்ட விதம்தான் பகிடி.

முதல் உன்ர சட்டதிட்டத்தைப் பாப்பம். இறைச்சி, மீன், முட்டை இல்லை. அது ஒரு பெரிய காரியமில்லை, வெள்ளி செவ்வாயில நாங்களும் அப்பிடித்தான். பால், தயிர், நெய்யும் இல்லையாம். அதுக்கு மேல தேனும் இல்லையாம். அதைச் சொன்னவுடன உன்ர அப்புவுக்கு விக்கல் எடுத்திட்டுது. வன்னியில வேர் வைச்ச குடும்பத்தில எருமைத் தயிரையும் காட்டுத் தேனையும் ஒரே மூச்சில வேண்டாமெண்ட முதல் ஆள் நீதான். 1944இல இங்கிலாந்தில டொனால்ட் வாட்சன் எண்டவர் தன்ர ஆக்களோட சேர்ந்து இதுக்கொரு சங்கம் துவங்கினவராம். நல்ல மனுசனாத்தான் இருந்திருப்பார். அந்த நாளையில முல்லைத்தீவுப் பக்கம் வந்து, தேனுக்குள்ள ஊறின மரை வத்தலை ஒருக்கால் மணந்திருந்தால் சங்கத்தை அண்டைக்கே கலைச்சிருப்பார்.

கிண்ணத்துக்குள்ள இருக்கிற தானியம் என்னெண்டு கேட்டால் கினோவா எண்டுறாய். தென்னமெரிக்காவில அந்தீசு மலையில விளையிறது. நல்ல சாமான், நான் பழி சொல்லேல்லை. ஐக்கிய நாடுகள் சபை 2013ஐக் கினோவாவுக்கெண்டு ஒரு வருசமாக் குடுத்தது. குரக்கன், சாமை, தினை, வரகு எண்டு எங்கட ஆக்களுக்கு வருசம் கிடைச்சது 2023இல. பத்து வருசம் வரிசையில நிண்டிருக்கினம். நிக்கட்டும், வன்னியில விளைஞ்சதுக்கு வரிசை புதிசே?

ஐ.நா. அறிவிக்க முந்தியே குரக்கனுக்கு இஞ்ச ஒரு பெரியவர் சாட்சி இருக்கிறார். ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர் கதை உனக்குத் தெரியாதே? குரக்கன் வெட்டின தறையில மிஞ்சின ஒட்டுக்கு ஒரு கமக்காரன் நெருப்பு வைச்சானாம். எல்லாம் எரிஞ்சு முடிய, ஒரு பற்றை மட்டும் எரியாமல் நிண்டுதாம். விலத்திப் பாத்தால் சிவலிங்கம். அவருக்கு வாறதுக்கு நெல்லு வயலும் கிடந்தது, தாமரைக் குளமும் கிடந்தது. குரக்கன் தறைதான் பிடிச்சிருக்கு. நீ அமேசனில தேடுறாய்.

அப்பிடிப்பட்ட குரக்கனை நாங்களே கலைச்சுப்போட்டுத்தான் இருந்தனாங்கள், அதையும் ஒளிக்கக் கூடாது. சேனையில காடு வெட்டி எரிச்சு, மாரி மழைக்கு முந்திக் குரக்கனும் தினையும் சோளமும் பயறும் போட்டு, பண்டிக்கும் யானைக்கும் பரணில காவல் இருந்த காலம் ஒண்டு. வெள்ளைக்காரத் துரைமாருக்குச் சேனையெண்டால் கண்ணில காட்டேலாது, காடு அழியுதாம். பேந்து இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு எண்டு குளத்துத் தண்ணி வயலுக்குப் பாய, நெல்லுச் சோறு மரியாதைச் சாப்பாடாப் போச்சு. விருந்தாளி வந்தால் குரக்கன் பானையை ஒளிச்சு வைச்ச வீடுகள் எனக்குத் தெரியும். அதுக்குப் பிறகு இடம்பெயர்வும் நிவாரண மாவும். இந்த நாட்டில ஒரு பிடி கோதுமை விளையாது, ஆனால் ஒரு தலைமுறையே அந்த மாவிலதான் வளந்தது. கடைசியில கிளினிக்கில சீனி வருத்தக்காரரைப் பாத்துக் குரக்கன் சாப்பிடுங்கோ எண்டு சொல்லத் துவங்கினாப் பிறகுதான் அது திரும்பி வந்தது. வரேக்கை சும்மா வரேல்லை. பளபளப்பான பைக்கற்றுக்குள்ள, வாங்கிறவன் ரண்டு தரம் யோசிக்கிற விலையோட வந்தது.

இனிச் செய்முறைக்கு வாறன். ராவில நாங்கள் என்ன சாப்பிடுறனாங்கள்? பிட்டு, இல்லாட்டி இடியப்பம். நீ தேடித் திரியிற கிண்ணம் பின்னேரத்தில எங்கட குசினியில நீத்துப்பெட்டிக்குள்ளதான் அவியுது. பனையோலையில இழைச்ச அந்தக் கூம்புப் பெட்டி உன்னட்ட இல்லாட்டி ஸ்டீமரில துணி விரிச்சு அவி, சாமி குத்தம் வராது.

குரக்கன் மா ஒரு கப், வறுத்த சிவப்பரிசி மா ஒரு கப், அளவான உப்பு. கொதிச்சு ஆறின தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுக் குழை. ஒரேயடியா ஊத்தினாயோ, பிட்டு இல்லை, களிதான். கையால பொத்திப் பிடிச்சால் உருண்டையா நிக்கோணும், விரலால தட்டினால் உதிரோணும். அதுதான் பதம். பேந்து சுண்டு விளிம்பாலயோ ரின் பேணியாலயோ கொத்து, கட்டியெல்லாம் உடையட்டும். அரைமூடித் தேங்காய்ப்பூவைக் கலந்து பத்துப் பதினைஞ்சு நிமிசம் ஆவியில வை. மூண்டு பேருக்குக் காணும். தேங்காய் துருவப் பஞ்சியெண்டால் உங்கட தமிழ்க் கடையில உறைய வைச்ச தேங்காய்ப்பூ கிடக்குமாமே. இருவது நிமிசத்தில கிண்ணம் ரெடி எண்டு எழுதினவன் தன்ர வாழ்க்கையில தேங்காய் துருவாதவன்.

வெறும் பிட்டு மட்டும் காணாது. காலைமை வேலைக்குப் போகேக்கை அரைக் கப் பயறை ஊறப்போட்டிட்டுப் போ. வந்து உடுப்பு மாத்திற நேரத்துக்குள்ள அவிஞ்சிடும். தானியத்தில லைசின் எண்டொரு சத்துக் குறைவாம், பயறில அது கூடவாம். ரண்டும் சேர்ந்தால்தான் புரதம் முழுசாகுமெண்டு கிளினிக் மிஸ்ஸி சொன்னவ. எங்கட கொம்மாமார் லைசினைக் கண்டதில்லை, ஆனால் பிட்டுக்குப் பயறு வைக்க மறந்ததுமில்லை.

பச்சைக்கு வல்லாரைச் சம்பல். வல்லாரையைக் குறுணியா அரிஞ்சு, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு போட்டுப் பிசைஞ்சு தேசிக்காய் விடு. அடுப்பே வேண்டாம். வல்லாரை கிடைக்காட்டி முருங்கையிலை வறை. அதுக்கும் தேசிக்காய் ஒரு துளி, அப்பதான் இலையில இருக்கிற இரும்புச்சத்து உடம்பில சுவறும். சாப்பிட்ட கையோட பிளேன்ரீ குடிச்சியோ, சேரவேண்டிய இரும்பில கனக்கத்தைத் தேத்தண்ணி தடுத்துப்போடும். ஒரு மணித்தியாலம் பொறு.

படத்தில மஞ்சளா வழிஞ்சதுக்குப் பதில் சொதி. வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள் போட்டுத் தண்ணிப் பாலில அவியவிட்டு, முதல்பால் விட்டு, கொதிக்க முந்தி இறக்கு. தேசிப்புளி இறக்கினாப் பிறகுதான். அடுப்பில வைச்சே புளி விட்டால் பால் திரைஞ்சு போகும், பேந்து ஆச்சியின்ர செய்முறை பிழையெண்டு ஊரெல்லாம் சொல்லுவாய். மேல வறுத்த கச்சான் ஒரு பிடி. முடிஞ்சுது.

இனிக் கவனமா இருக்கவேண்டிய இடங்கள். சிலோன் கடையில விக்கிற சம்பல் போத்திலைத் திருப்பிப் பார், அரைவாசியில மாசி கிடக்கும். மாசி தேங்காயில காய்க்கிறதில்லை, மீன்தான். சோயாமீற் பைக்கற்றிலயும் எழுத்தை வாசி, "சோயா" எண்ட பேரைப் பாத்து ஏமாறாதை. குரக்கன் எண்டால் சீனி ஏறாதெண்டு நினைச்சுக் கோப்பை நிறையக் குவிக்காதை. அதுவும் மாச்சத்துத்தான், மெதுவா ஏத்தும், அவ்வளவுதான். கல்சியத்துக்குப் பயப்பிடாதை, பாலில இருக்கிறதை விடக் குரக்கனில நிறைக்கு நிறை ரண்டு மடங்குக்கு மேல கிடக்கு. ஆனால் பி12 எண்ட விற்றமினுக்கு மட்டும் என்னட்ட மருந்தில்லை, எந்த இலையிலயும் அது இல்லை. டொக்டரிட்டக் கேட்டுக் குளிசை போடு. கொள்கை வைச்சிருக்கிற ஆளுக்கு நரம்பும் வேணுமெல்லே.

இன்னொரு தானியக் கிண்ணமும் இருக்கு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் வன்னி ஆச்சியில்லை. 2009இல கடைசிச் சண்டைக்குள்ள முள்ளிவாய்க்காலில குடிச்ச கஞ்சி. அரிசி, தண்ணி, உப்பு. பால் இல்லை, நெய் இல்லை, தேன் இல்லை. உன்ர சட்டத்தில ஒரு எழுத்துப் பிழைக்கேல்லை. வாட்சன் ஐயா கண்டிருந்தால் வரிசையில நிண்ட எல்லாருக்கும் அங்கத்துவ அட்டை தந்திருப்பார். அந்தக் கஞ்சியை இப்ப ஒவ்வொரு மே மாசமும் சந்திக்குச் சந்தி காய்ச்சிக் குடுக்கினம், சின்னப் பிள்ளையளும் வாங்கிக் குடிக்குதுகள். 2024இல சம்பூரில அதைக் காய்ச்சிக் குடுத்ததுக்கு ஆக்களைப் பிடிச்சு மறியலுக்கு அனுப்பினவை. அரிசியும் உப்பும் போட்ட வெறும் தண்ணிக்கு! உன்ர கினோவாவைப் பாக்க ஒரு பொலிசாவது வந்திருக்கோ, சொல்லு பாப்பம்?

ஏன் இதைச் சொல்லுறன் எண்டால், நீ வேண்டாமெண்டு விட்டதுகளை நாங்கள் இல்லாமல் விட்டனாங்கள். வயித்துக்கு ரண்டும் ஒரே கணக்குத்தான். மனுசருக்கு அப்பிடியில்லை. வேண்டாமெண்டு சொல்லுற வசதி உனக்கு வாய்ச்சதில எனக்குச் சந்தோசம். காணியை ஈடு வைச்சு உன்ர கொப்பரை வெளியில அனுப்பினது அதுக்குத்தானே. மாட்டைப் பாவம் பாக்கிறதும் நல்ல குணம்தான், அதில எனக்குப் பகிடியில்லை. ஆனால் இஞ்ச வரேக்கை, முட்டை பொரிச்சு வைச்சிட்டு வாசலைப் பாத்துக்கொண்டிருக்கிற மாமிமாருக்குப் புத்தி சொல்லப் போகாதை. அவையள் முட்டையைக் கனவில மட்டும் கண்ட காலமும் இருந்தது. "எனக்குப் பிட்டுக் காணும் மாமி" எண்டு சொல்லிப்போட்டு இன்னொரு அகப்பை சொதி கேள். அதுக்கு மேல ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்.

சரி, போய் மாவைக் குழை. முதல்தரம் கட்டி படும், ரண்டாந்தரம் சரி வரும். படம் எடுத்தாலும் எடு, ஆனால் எனக்கு மட்டும் அனுப்பு. "பழங்கால வன்னிக் கிண்ணம்" எண்டு பேர் போட்டு ஊருக்குக் காட்டினாயோ, உங்க உள்ள கடைக்காரன் நாளைக்கே பைக்கற்றில அடைச்சு விலை போடுவான். பேந்து குரக்கன் வாங்க நான் உன்னட்டத்தான் காசு கேக்கோணும்.