ஜனவரி பயில்வான்

டிசம்பர் கடைசி வாரத்தில் சென்னையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு பேனர் கண்ணில் படும்: 'ஒரு வருஷம் கட்டினால் மூன்று மாதம் இலவசம்.' பேனரில் இருப்பவருக்கு வயிற்றில் ஆறு கட்டு. கீழே நின்று வாசிப்பவருக்கு ஒரே கட்டு. இவர்தான் ஜனவரி பயில்வான். வயது நாற்பது, மாதச் சம்பளம், யாருக்கும் முகத்துக்கு நேரே 'முடியாது' சொல்லிப் பழக்கமில்லை.

சேருவதற்குக் கால் மணி நேரம் போதும். ஷூவைக் கழற்றச் சொல்லி ஒரு மெஷினில் ஏற்றுவார்கள். அது எடை, கொழுப்பு, தசை எல்லாம் கணக்குப் போட்டு ஒரு தாளைத் துப்பும். அதில் 'உடல் வயது 54' என்றிருக்கும். ஒரே நிமிஷத்தில் பதினான்கு வயது கூடிய மனிதருக்குப் பேரம் பேசத் தெம்பு ஏது? 'மொத்தமா கட்ட வேணாம் சார், நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கு, ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க' என்பார்கள். சொல்லிவிடுவார். அந்தத் தவணை ஜிம்முக்குக் கட்டும் மாதக் கட்டணமல்ல, ஒரு நிதி நிறுவனத்தில் தன் பெயரில் ஏறிய கடன் என்பது பிறகுதான் புரியும். அதற்குள் ஜிம், 'ஃபைனான்ஸ்ல கேளுங்க' என்று கைகாட்டும். ஃபைனான்ஸ், 'ஜிம்ல கேளுங்க' என்று திருப்பி அனுப்பும்.

முதல் வாரம் தவறாமல் போவார். 'லெக் டே' முடிந்த மறுநாள் மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவார். அப்புறம் பொங்கல் லீவு வரும். லீவு முடிந்து ஆபீஸ் திறக்கும், பள்ளிக்கூடம் திறக்கும். பயில்வானின் ஜிம் பை மட்டும் ஸ்கூட்டர் டிக்கியை விட்டு வெளியே வராது.

மார்ச்சில் ஒரு நாள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, நிறுத்திவிடலாம் என்று கிளம்புவார். மேனேஜர் எழுந்து நின்று வரவேற்பார்.

"என்ன சார், ஆளையே காணோம்?"

"முதுகுவலி..."

"அதுக்குத்தானே சார் ஜிம்மே!"

"ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி..."

"காலையில அஞ்சு மணிக்கே திறந்துடறோம் சார்."

"பெங்களூருக்கு மாத்திட்டாங்க..."

"இந்திரா நகர்லயே நம்ம பிராஞ்ச் இருக்கு சார்."

"டாக்டர் வேண்டாங்கறார்..."

"லெட்டர் கொடுங்க சார், ரெண்டு மாசம் ஃப்ரீஸ் பண்ணிடலாம்."

நாலு பொய்யும் தீர்ந்துபோன நிலையில், ஃப்ரீஸ் செய்ய ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, 'ரொம்ப தேங்க்ஸ்' சொல்லிவிட்டு வருவார்.

இது உள்ளூர் வியாதி அல்ல. அமெரிக்காவின் 'ஃபிரெண்ட்ஸ்' தொடரில் 1997இல் வந்த ஓர் அத்தியாயத்தில் சாண்ட்லர் ஜிம்மை விட்டு விலகப் போகிறான். துணைக்கு வந்த ராஸ் உறுப்பினராகிவிடுகிறான். பணம் பிடிப்பதையாவது நிறுத்தலாம் என்று இருவரும் வங்கிக் கணக்கை மூடப் போகிறார்கள்; கூட்டுக் கணக்கு ஆரம்பித்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

பொருளியல்காரர்களும் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஸ்டெஃபானோ டெல்லாவின்யா, உல்ரிக மால்மெண்டியர் இருவரும் மூன்று அமெரிக்க ஜிம்களில் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 தடவைதான் வந்திருந்தார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. பத்து தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரோடு போயிருக்கும். கடைசியாக வந்துபோன பிறகும், ரத்து செய்ய அவர்களுக்குச் சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

ஜிம்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிளானட் ஃபிட்னஸ் கிளைகளைப் பற்றி 2014இல் அமெரிக்க வானொலியான என்.பி.ஆர். ஒரு கணக்குச் சொன்னது: கிளைக்குச் சராசரியாக 6,500 உறுப்பினர்கள், உள்ளே கொள்வது ஏறக்குறைய 300 பேர். எல்லோரும் ஒரே நாளில் திருந்தினால் ஜிம் தாங்காது. தினமும் ஓடுகிறவரின் ட்ரெட்மில்லுக்குக் கரண்ட் பில் கட்டுவது, வீட்டில் போர்த்திக்கொண்டு தூங்கும் பயில்வான்தான்.

அரசாங்கங்களும் முயன்று பார்க்கின்றன. ஜெர்மனியில் இணையத்தில் சந்தா விற்பவர்கள் ரத்து செய்யவும் ஒரு பொத்தான் வைக்க வேண்டும் என்று 2022 ஜூலையிலிருந்து சட்டம். சேருவது போலவே விலகுவதும் சுலபமாக இருக்கட்டும் என்று அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையம் 2024இல் ஒரு விதி கொண்டுவந்தது. நடைமுறையைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று நீதிமன்றம் 2025 ஜூலையில் அதை ரத்து செய்தது. ஜிம்மைவிட விதியை ரத்து செய்வது சுலபமாக இருந்திருக்கிறது.

நம்மூரில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. பயில்வானுக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் செய்யமாட்டார். ரத்து செய்தால் அவர் ஜிம்முக்குப் போகாதவர் ஆகிவிடுவார். செய்யாதவரைக்கும், இந்த வாரம் போக முடியாமல்போனவர்.

மேனேஜரின் வியாபாரமே அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. கணவரின் புஜங்களைப் பற்றி எந்தக் கனவும் இல்லாத மனைவி ஒரு நாள் அவரையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்து நிற்கும்போதுதான் மேனேஜருக்குச் சிக்கல்.

"ஏன் மேடம், சார் வரமாட்டாரா?"

"வரமாட்டார்."

"அடுத்த மாசம் ஒருவேளை..."

"வரமாட்டார். பாக்கிப் பணத்தைக் கொடுங்க."

ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் 'பணம் திருப்பித் தரப்படாது' என்ற வரியை மேனேஜர் காட்டுவார். அம்மையார் போனை எடுத்து 1915ஐ அழுத்துவார். கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு பாதிப் பணமாவது கைக்கு வரும். படியிறங்கும்போது பயில்வானின் முகம் தொங்கியிருக்கும். கோபம் ஜிம் மேலோ, போன பாதிப் பணத்தின் மேலோ இல்லை. "ஒரு தடவை சொன்னா போதாதா? ரெண்டு தடவை சொல்லணுமா?" என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டே வருவார்.