கார்மனா, விக்டோரியாவா?

கிளிநொச்சியில் முதல் கிற்றார் அம்ப் வாங்கப்போகும் தம்பியை எங்கும் காணலாம். வாங்கி முடித்தவரைத்தான் காணக்கிடையாது. வாங்கப்போகிறவர் கரடிப்போக்குச் சந்தியில் நிற்பார், அறிவியல்நகரில் பொறியியல் பீடத்துப் பக்கம் தேத்தண்ணிக் கடையில் இருப்பார், பரந்தனில் சலூன் வாங்கில் தன் முறைக்குக் காத்திருப்பார். வயது இருபத்திரண்டுக்கும் முப்பதுக்கும் இடையில். இடது கை விரல் நுனிகள் காய்த்திருக்கும். ஒரு காதில் இயர்போன் இருக்கும். மற்றக் காதுக்குரிய பக்கம் போன வருசமே செத்துவிட்டது. மிச்சமுள்ள அந்த ஒற்றைப் பக்கத்தை வைத்துத்தான், உலகத்தின் விலையுயர்ந்த வால்வு அம்புகளுக்கிடையிலான நுட்பமான தொனி வேறுபாடுகளை அவர் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

கிற்றார் ஒன்று அவரிடம் இருக்கிறது. அம்ப் இல்லை. திருவிழா மேடைகளில் கோஷ்டியோடு வாசிக்கும்போது கிற்றார் வயர் நேரே சவுண்ட்ஸ்காரரின் மிக்சருக்குள் போகும். பாடகருக்கும் கீபோட்காரருக்கும் பின்னால், றம்ஸுக்குப் பக்கத்தில், ரியூப் லைற் நிழல் விழும் இடத்தில் இவர் நிற்பார். மிக்சரில் இருக்கும் அண்ணை கிற்றார்ச் சனலைத் தன் சொந்த விவேகப்படி அடிவரைக்கும் இறக்கிவைத்திருப்பார். நித்தி கனகரத்தினத்தின் பொப் பாட்டுக்கு இவர் உடம்பை வளைத்து வளைத்து வாசிப்பதைச் சனம் பார்க்கும், கேட்காது. தனக்கென்று ஓர் அம்ப் இருந்தால் இந்த அநியாயம் நடக்குமா என்று அன்றிரவு படுக்கையில் யோசித்தவர்தான், இன்னும் எழும்பவில்லை.

சாதாரண அம்ப் அவருக்குச் சரிவராது. கொழும்பில் கடையில் அடுக்கிவைத்திருக்கும் ரான்சிஸ்ரர் அம்பைப் பற்றிக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார். “ரோன் காணாது அண்ணை” என்பார். இந்த ‘ரோன்’ வந்து விழாத வசனம் அவர் வாயில் இல்லை. ஏன் காணாது என்று கேட்டால் விளக்கமும் தருவார். விளக்கம் சரியானதுதான். ரான்சிஸ்ரர் அம்ப் தன் எல்லையைத் தாண்டும்போது ஒலியலையின் உச்சியைச் சடாரென்று தட்டையாக வெட்டிவிடும், அது காதைக் குத்தும். வால்வு அம்ப் அதே உச்சியை மெல்ல மெல்ல மழுக்கும். அந்த மழுங்கலில் புதிய சுரங்கள் பிறக்கும், சத்தம் தடிக்கும், விரல் அழுத்தத்துக்கேற்ப இளகும். அரை நூற்றாண்டுக்கு மேலாக றொக், புளூஸ் வாசிப்பவர்கள் கண்ணாடிக் குமிழைக் கைவிடாமல் வைத்திருப்பதற்கு இது போதுமான காரணம்.

தம்பி நூற்றுக்கணக்கான அம்புகளைக் கழித்துக் கழித்து இரண்டில் வந்து நிற்கிறார். இரண்டும் பெரிய ஃபாக்ரரியில் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளுபவை அல்ல; சிறிய பட்டறைகளில் கையால் வயர் ஒட்டிச் செய்பவை. ஒன்று அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து டொக்டர் இஸட் செய்யும் கார்மன் கியா. பதினெட்டு வாற், ஈ.எல். 84 வால்வு இரண்டு. முன்பக்கத்தில் திருகுவதற்கு வொலியும், ரோன் என்று இரண்டே இரண்டு குமிழ். மற்றது சிக்காகோவுக்குக் கிட்ட இருக்கும் விக்டோரியா பட்டறையின் 20112. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: இருபது வாற், ஒரு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். 1950களின் ஃபெண்டர் டீலக்ஸைப் பார்த்துச் செய்தது. 6வி6 வால்வு, வெளியே ருவீட் துணி. படத்தைக் காட்டியபோது அவரின் தாயார், “உதென்ன, சாக்குத்துணி சுத்தி அனுப்புறாங்கள்?” என்று கேட்டாராம்.

இந்த இரண்டுக்குமாக ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. நடுவே கோடு கிழித்து இடப்பக்கம் கார்மன், வலப்பக்கம் விக்டோரியா. கொப்பியை ஒருநாள் எனக்கும் தந்தார். நிறை, வால்வு, ஸ்பீக்கர், சேர்க்கிற்றின் பூர்வீகம் (கார்மனுக்கு ஒரு பழைய ஹமண்ட் ஓர்கன் றிவேப் அம்பின் வழி என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறது) எல்லாம் உண்டு. பதினெட்டு வாற்றா, இருபது வாற்றா என்பதற்கு மட்டும் மூன்று பக்கம். பாவம். அந்த இரண்டுக்கும் இடையில் சத்த வித்தியாசம் அரை டெசிபெல்கூட வராது, மனிதக் காதுக்கு அது தெரியாது. சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் வாற்றைப் பத்து மடங்காக்க வேண்டும். இதையும் அவர் நாலாம் பக்கத்தில் அழகாக எழுதியே வைத்திருக்கிறார். தெரிந்துகொண்டும் ஐந்தாம் பக்கத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்.

இரவில் கனடாவிலிருக்கும் தமையனோடு போனில் கதைக்கும்போது தாயாரின் காதில் விழுவதெல்லாம் இந்த இரண்டு பெயர்கள்தான். கார்மன் என்றால் கொஞ்சம் வெளிச்சமான சுபாவம், விக்டோரியா சூடானவள், கொஞ்சம் அழுத்தினால் கத்துவாள், ஆனால் வயது போகப்போக இன்னும் நல்லாயிருப்பாள். கேட்டுக்கொண்டிருந்த எந்தத் தாய்தான் பேசாமல் படுப்பார்?

“ஆரடா தம்பி உந்தக் கார்மன்?”

“அது பிள்ளையில்லையம்மா, அம்ப்.”

“வேதக்காரப் பிள்ளையோ?”

“அம்ப் அம்மா, அம்ப்!”

“எந்த ஊர்?”

“ஒகாயோ.”

“மற்றவள்?”

“சிக்காகோப் பக்கம்.”

தாயார் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தணித்து, “ஐஞ்சு லட்சம் எண்டு போனிலை சொன்னியே. அது அவை தாறதோ, நாங்கள் குடுக்கிறதோ?”

தாயாரைக் குறைசொல்ல முடியாது. இந்த வியாபாரமே கலியாணப் பேச்சு மாதிரித்தான் நடக்கிறது. அம்பின் வெளியீட்டு ரான்ஸ்போமருக்கும் ஸ்பீக்கருக்கும் பொருத்தம் பார்க்கவேண்டும்: நாலு ஓமா, எட்டா, பதினாறா. ஸ்பீக்கர் கொழுவாமல் வால்வு அம்பை முறுக்கிவிட்டால் ரான்ஸ்போமர் கருகிவிடும். ட்ரெயின்ரெக் என்று அம்ப் செய்த கென் ஃபிஷர் என்ற மனுசன் ஒவ்வொன்றுக்கும் தொடரிலக்கம் போடாமல் பெண் பெயர்தான் வைத்தார். தம்பி அதைச் சொல்லி நியாயம் கேட்டிருந்தால் வீட்டில் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

பொருத்தத்தில் பெரிய தோஷம் கரண்ட். அமெரிக்காவில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இலங்கையில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அங்கத்தை அம்பை இங்கத்தைச் சுவரில் செருகினால் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் பிந்தினால் மற்றதெல்லாம் போகும். வெளிநாட்டுக்கென்று ரான்ஸ்போமர் மாற்றிய மொடலாகக் கேட்டு வாங்கவேண்டும், அல்லது வோல்ற்றைக் குறைக்கும் பாரமான பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைக்கவேண்டும். இதற்கும் கொப்பியில் பக்கங்கள் உண்டு. ஆனால் இந்த விசயத்தில் தம்பிக்கு ஒரு கொள்கை இருக்கிறது, அதை நான் மெச்சுகிறேன். எடி வான் ஹேலன் தன் மார்ஷல் அம்புக்கு வேரியாக் என்ற கருவியை வைத்து வோல்ற்றேஜைக் குறைத்து வாசித்தவர். அவருடைய பேர்போன ‘பிரௌன் சவுண்ட்’ அப்படி வந்தது. வயல்கரை வீடுகளில், லைனின் கடைசிப் போஸ்ரில், பின்னேரம் ஏழு மணிக்கு எல்லாரும் லைற் போட்டு நாலு பேர் தண்ணிமோட்டரும் போட்டால் பல்ப் தானாகவே மஞ்சளாகும். “எடி வான் ஹேலன் காசு குடுத்து வாங்கினதை எங்களுக்குச் சும்மா தருகினம்” என்பார் தம்பி. ஆகவே அம்ப் வந்தால் ஏழு மணிக்குத்தான் வாசிப்பார். ரோன் அப்போதுதான் கனியும்.

2022 பங்குனியை மறக்கமுடியாது. மாத முடிவில் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் இல்லை. பெற்றோல் வரிசை ஏ9 வீதியில் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு நின்றது. அந்த வரிசையில் மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்ற தம்பியின் முகம் மட்டும் மற்றவர்களை விடக் கறுத்திருந்தது. என்ன விசயம் என்று கேட்டேன்.

“ரஷ்யா வால்வு ஏற்றுமதியை நிப்பாட்டிட்டுது அண்ணை.”

உண்மைதான். உக்ரேன் போர் தொடங்கிய கையோடு ரஷ்யா நிறுத்திய பொருள்களுக்குள் கிற்றார் வால்வும் அகப்பட்டது. உலகத்தில் இப்போது வால்வு செய்யும் பெரிய இடங்களே ரஷ்யா, சிலோவாக்கியா, சீனா என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. சரத்தோவ் நகரத்து ஃபாக்ரரியிலிருந்து சரக்கு வராதென்றதும் விலை ஏறியது, பிறகு தடை தளர்ந்தது. அந்த வரிசையில் நின்றவர்களில் இல்லாத அம்புக்கு இல்லாத கரண்டில் போட இல்லாத வால்வுக்காகக் கவலைப்பட்டவர் இவர் ஒருவர்தான்.

சவுண்ட்ஸ் அண்ணையிடம் இந்தக் கதையைச் சொன்னால் அவருக்குச் சிரிப்பு அடங்காது. வால்வு அம்ப் அவர் பழகிய சாமான். சிறுவயதில் தகப்பனோடு கோயில் கோயிலாகக் கொண்டு திரிந்தது. போட்டு அரை நிமிசம் பொறுக்கவேண்டும், உள்ளே கம்பி சிவக்கும், எரிந்த தூசி மணக்கும், பிறகுதான் பனைமர உச்சியில் கட்டிய கோண் ஸ்பீக்கர் தொண்டையைக் கனைக்கும். ரான்சிஸ்ரர் வந்ததும் ‘தொலைஞ்சுது சனியன்’ என்று மாறியவர்கள் அவர்கள். “நாங்கள் பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்ததை நீ ஐஞ்சு லட்சத்துக்கு வாங்கப்போறியோ?” என்று கேட்பார். ஆனால் ஒரு புத்திமதியும் சொல்வார், அதைத் தம்பி கட்டாயம் கேட்கவேண்டும்: பிளக்கைக் கழற்றிவிட்டேன்தானே என்று வால்வு அம்புக்குள் கையை விடக்கூடாது. உள்ளே இருக்கும் கப்பாசிற்றர்களில் முந்நூறு, நானூறு வோல்ற் நின்றுகொண்டிருக்கும். ஆளை எறியும்.

தகப்பனார் வேறு ரகம். கடைக்குப் போனால் ஐந்து நிமிசத்தில் வாங்கிக்கொண்டு வருவார். எது முன்னுக்கு இருக்கிறதோ அது. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் குடும்பம் நடத்தியவருக்கு அது பழகிப்போய்விட்டது. ரோச் பற்றரிகூடத் தடைசெய்த சாமான். மோட்டார்சைக்கிளுக்குச் சூப்பிப் போத்தலால் இரண்டு துளி பெற்றோல் காட்டி எழுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடியவர்கள். பாட்டுக் கேட்க ஆசை வந்தால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். சைக்கிள் டைனமோ தருவது ஆறு வோல்ற், மூன்று வாற். அந்த மூன்று வாற்றில் ஒரு வளவுச் சனமே கேட்டது. 2009 இல் விட்டுவிட்டு வந்த சாமான்களுக்குக் கணக்கில்லை. அதில் அந்த றேடியோவும் ஒன்று. அவர் மகன் பதினெட்டா, இருபதா என்று மூன்று பக்கம் எழுதுவதைப் பார்த்து ஏசவில்லை. “எழுதட்டும். எனக்கு உப்பிடி இரண்டிலை ஒண்டைப் பாக்கிற வாய்ப்பே வரேல்லை” என்றார் ஒருநாள். தம்பிக்கு அந்தப் பேச்சுக் கேட்கவில்லை, இயர்போன் போட்டிருந்தார்.

இப்போது நிலவரம் இதுதான். தமையன் ஸ்காபரோவில் பாதிக் காசை ஒதுக்கி வைத்திருக்கிறார். கப்பலில் பெட்டி அனுப்புகிறவரோடும் கதைத்தாயிற்று: சோப், சொக்கிலேற், நெஸ்கபே, பழைய ஜக்கெற்றுகளுக்கு நடுவில் அம்ப் ஒன்று வைக்க இடம் இருக்கும். எது என்று தம்பி சொன்னால் போதும். போன கிழமை சொல்லுவார் என்றிருந்தோம். இல்லை, மூன்றாவது அம்ப் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். கொப்பியில் கோடு இரண்டு கிழித்து மூன்று பத்தியாக்கியிருக்கிறார், அதற்குப் புதுக் கொப்பி வாங்கவேண்டியதாயிற்று.

ஆகவே கனடா, இலண்டன், சுவிஸ் எங்கும் இருக்கும் தமையன்மாருக்கு ஊரிலிருந்து ஒரு வேண்டுகோள். தம்பியைக் கேட்கவேண்டாம். இரண்டும் நல்ல அம்ப்தான், எது வந்தாலும் மற்றதையே நினைத்து ஏங்குவார், அது அவர் பாடு. கைக்கு வந்த ஒன்றை 230 வோல்ற் ரான்ஸ்போமரோடு, மேலதிகமாக ஒரு சோடி வால்வும் வைத்து, இந்த மாதக் கப்பலிலேயே போட்டுவிடுங்கள். புதூர் நாகதம்பிரான் பொங்கலுக்கு முன்னர் வந்து சேர்ந்தால் நல்லது. கோஷ்டிக்கு ஓடர் இருக்கிறது.