பிள்ளைத்தமிழும் ஸூம் கூட்டமும்: வாழைச்சேனையில் ஓர் ஆராய்ச்சி

களம்: வாழைச்சேனையில் ஒரு கல்வீடு. விறாந்தை ஒன்று, அறை இரண்டு, குசினி ஒன்று. கருவிகள்: மடிக்கணினி ஒன்று, கைத்தொலைபேசி இரண்டு, பிளாஸ்டிக் கதிரை நாலு, கொண்டி சரியாகக் கொளுவாத கதவு ஒன்று. ஆராயப்படும் பொருள்: பதினேழு மாத ஆண்பிள்ளை. ஆராய்ச்சிக்குச் சம்மதித்துக் கையொப்பம் வைத்தாரா என்று கேட்டால், வைத்தார். சுவரில், நீலப் பேனையால், மூன்று இடத்தில்.

வினா எளியது. கொழும்பிலுள்ள நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடி கணக்கு எழுதும் தாய், காலை 9 மணிக்கு மடிக்கணினியைத் திறக்கிறார். 8.59 வரை முற்றத்தில் எறும்புச் சாரியின் பின்னால் குந்திக் குந்திப் போன பிள்ளை, 9.01க்கு அவர் மடியில் இருக்கிறது. எறும்பு அதே எறும்பு. முற்றமும் அதே முற்றம். இடையில் எறும்பில் என்ன குறை கண்டது?

“வேலயக் குழப்பத்தான் வாறான் கா” என்று அம்மம்மா ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தேங்காய் திருவப் போய்விட்டார். ஆராய்ச்சி அப்படி அவசரப்படலாகாது. முன்னோர் என்ன சொன்னார்கள் என்று பார்க்கவேண்டும்.

தொலைவிலிருந்து வேலை பார்ப்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரைச் சூட்டியவர் ஜாக் நில்ஸ் என்ற அமெரிக்கர், ஆண்டு 1973. இலங்கைக்கு அது 2020 மார்ச்சில் ஊரடங்கோடு வந்தது. 2022 ஜூனில் எரிபொருள் இல்லாமல் நாடு நின்றபோது மறுபடியும் வந்தது. அரச உத்தியோகத்தர் பலரை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைகளில் லீவு தந்து வீட்டுத்தோட்டம் போடவும் சொன்னார்கள். நட்ட மிளகாய்க் கன்றை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து “பூ” என்று நீட்டுபவர்மீது என்ன ஒழுக்காற்று நடவடிக்கை எடுப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஆக, வேலையைப் பற்றிச் சொன்னவர் பலர். பிள்ளையைப் பற்றிச் சொன்னவர் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத் தமிழில் ஒரு நூல்வகையே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மேல் பாடியதிலிருந்து, பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் பிள்ளையைப் பத்துப் பருவமாக வகுத்து, பருவத்துக்குப் பத்துப் பாட்டாகப் பாடினார்கள். மூன்றாம் மாதம் முதல் இருபத்தோராம் மாதம் வரை ஒற்றைப்பட்ட மாதத்துக்கு ஒரு பருவம் என்பது பாட்டியல் வழக்கில் ஒரு கணக்கு. முருகன்மேல் பாடினாலும் நபிகள் நாயகத்தின்மேல் பாடினாலும் அடுக்கு அதுதான்; பெண்பாலுக்குக் கடைசி மூன்று மட்டும் மாறும். எந்த மாதத்தில் அலுவலகம் எந்த வழியில் குலையும் என்று அறிய இதைவிட நல்ல அட்டவணை எந்த மனிதவளப் பிரிவிடமும் கிடையாது.

முதற்பருவம் காப்பு. பாட்டில் தெய்வங்கள் வந்து பிள்ளையைக் காக்கும். இங்கே அந்தப் பொறுப்பு சட்டத்துக்கு. மகப்பேற்று லீவு 84 வேலைநாள். சனி, ஞாயிறு, போயாவைக் கழித்து நாட்காட்டியில் நீட்டினால் நாலு மாதம் வரும். ஐந்தாம் மாதம் செங்கீரை. அதாவது, பிள்ளை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையூன்றித் தலையை நிமிர்த்தி ‘யார் இந்தப் பொம்பிளை’ என்று நன்றாக ஒருமுறை பார்க்கும் நேரத்தில் பொம்பிளை வேலைக்குப் போயாயிற்று. அரச சேவையில் தகப்பனுக்கு மூன்று நாள் லீவு. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் சாப்பாடு கொண்டுபோய், பிறப்புப் பதிவுக்கு அலைந்து, வந்த சனத்துக்கு இனிப்புக் கொடுத்து முடிய மூன்று நாளும் சரி.

செங்கீரையும் தாலும் பொற்காலம். போட்ட இடத்தில் கிடக்கும். ஏணையில் போட்டால் உறங்கும். இந்தக் காலத்தில்தான் தாய்மார் ‘வீட்டிலிருந்து செய்வது லேசு’ என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒன்பதாம் மாதத்துச் சப்பாணியில் இரண்டு காரியம் சேர்ந்து நடக்கிறது. முதலாவது, பிள்ளை உள்ளங்கை இரண்டையும் கொட்டப் பழகுகிறது. கைக்குக் கீழே விசைப்பலகை இருந்தால் கொழும்புக்கு நாற்பது ‘ஞ’ போய்ச் சேரும். அதைத் திருத்திக்கொள்ளலாம். இரண்டாவது பாரதூரமானது. சுவிஸ் நாட்டு ழான் பியாஜே, தன் சொந்தப் பிள்ளைகள் மூவரையும் வீட்டில் வைத்துக் கவனித்து 1937இல் எழுதிய நூலில் இதைக் காட்டினார்: சுமார் எட்டு மாதம் வரை துணியால் மூடிய பொருள் பிள்ளைக்கு இல்லாத பொருள், அதன்பிறகு துணியைத் தூக்கித் தேடும். வாழைச்சேனைக்குப் பொருத்திச் சொன்னால், எட்டு மாதம் வரை கதவைச் சாத்தினால் அம்மா இல்லை. ஒன்பதில் கதவைச் சாத்தினால் அம்மா கதவுக்கு அங்கால இருக்கிறார். அதுவரை தச்சுவேலைப் பிழையாக இருந்த கொண்டி அன்றுமுதல் கொழும்பு நிறுவனத்தின் பிரச்சினை.

(பியாஜே கெட்டிக்காரர். பிள்ளை வேலையைக் குழப்புகிறது என்று முறையிடாமல் பிள்ளையையே வேலையாக்கிக்கொண்டார். பார்த்துக் குறிப்பெடுத்ததில் மனைவி வலன்டீனுக்கும் பங்கு உண்டு என்பதை அவரைப் புகழ்பவர்கள் எப்போதும் சொல்வதில்லை. கணக்கெழுதுபவருக்கு இந்த வசதிகள் கிடையா.)

பதின்மூன்றாம் மாதம் வாரானை. பிள்ளைத்தமிழில் தாய் ‘வருக வருக’ என்று பத்துப் பாட்டால் அழைக்கிறாள். வீட்டிலிருந்து வேலை செய்பவளுக்கு ஒரு பாட்டும் தேவையில்லை. வராமலிருக்கத்தான் பாட்டு வேண்டும். இப்பருவத்தின் உலகறிந்த சான்று 2017 மார்ச் 10இல் கிடைத்தது. தென்கொரியாவின் பூசான் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் கெலி, அந்நாட்டு ஜனாதிபதியின் பதவி பறிபோனதைப் பற்றி வீட்டு அறையிலிருந்து பீபீசிக்கு நேரலையில் விளக்கிக்கொண்டிருந்தார். பின்னால் கதவு திறந்தது. மஞ்சள் சட்டை போட்ட நாலு வயது மகள், கலியாண வீட்டுக்கு வந்தவள்போல் கையை வீசிக்கொண்டு நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் வோக்கரில் கைக்குழந்தைத் தம்பி. அவனுக்குப் பின்னால் வழுக்கிக்கொண்டு தாய். கெலி கதிரையை விட்டு எழும்பவில்லை. திரும்பிப் பாராமலே ஒரு கையால் மகளைத் தள்ளினார். கீழே காற்சட்டை போட்டிருந்தாரா என்று உலகம் கேட்டது. போட்டிருந்ததாகப் பிறகு சொன்னார். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போன கிம் ஜங்-ஆவை வேலைக்காரி என்று நினைத்தவர்களும் பலர். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆராய்ச்சிக்கு வேண்டிய செய்தி வேறு: வழமையாகப் பூட்டும் கதவை அன்று பூட்ட மறந்துவிட்டாராம். பூசானிலும் கொண்டிதான்.

அம்புலிப் பருவத்தில் புலவர்கள் நிலாவை விளையாட அழைக்க நாலு உபாயம் வைத்திருக்கிறார்கள்: சாமம், தானம், பேதம், தண்டம். நயமாகக் கேட்பது, கொடுப்பது, ஒப்பிட்டுப் பிரிப்பது, மிரட்டுவது. நாலும் கள ஆய்வில், காலை 10.30 கூட்டத்தின்போது, பன்னிரண்டு நிமிடத்துக்குள் பதிவாகின.

10.31, சாமம். “என்ட தங்க மனே, அம்மா இஞ்சதானே இரிக்கன். கொஞ்சம் விளையாடு.” பிள்ளை கதிரையின் காலைப் பிடித்து ஏறத் தொடங்கியது.

10.34, தானம். மாரி பிஸ்கட் ஒன்று. பாதி தின்னப்பட்டது. மீதியில் உடைந்த துண்டு ஒன்று மடிக்கணினியின் பக்கவாட்டில் யூஎஸ்பி செருகும் ஓட்டைக்குள் வைத்து அமர்த்தப்பட்டது. அளவு சரியாக இருந்தது.

10.38, பேதம். “அங்க பாரு, அடுத்த வீட்டுத் தம்பி எவ்வளவு நல்ல புள்ள.” அடுத்த வீட்டுத் தம்பி அந்நேரம் கோழியின் வாலைப் பிடித்திருந்தார். கொழும்பிலிருந்து குரல்: “மிஸ், கோழிச் சத்தமா அது? மியூட் பண்ணுங்க.” “சொறி சேர்.”

10.41, தண்டம். “இரி, மறுகா அப்பா வரட்டும்.” அப்பா கட்டாரில். ஒப்பந்தம் முடிய ஒன்பது மாதம் கிடக்கிறது.

10.42க்குக் கைத்தொலைபேசி கொடுக்கப்பட்டது. நிலா தானே இறங்கி வந்தது. இந்த ஐந்தாம் உபாயம் பழைய புலவருக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரியும்: ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று 2019இல் அறிவித்தது. தாய்க்கு நாளுக்கு எத்தனை கூட்டம் வரை வைக்கலாம் என்று அது அறிவிக்கவில்லை.

ஆய்வுப்பொருள் இப்போது நிற்பது பதினேழாம் மாதத்துச் சிற்றிலில். பாட்டில் சிறுமியர் தாங்கள் கட்டிய மணல்வீட்டை மிதித்து அழிக்காதே என்று ஆண்பிள்ளையிடம் கெஞ்சுவார்கள். இந்த வீட்டில் மணல்வீடு என்பது எக்செல் தாள். தாய் கறிக்கு உப்புப் போட்டுவிட்டு வருவதற்குள் ஜனவரி முதல் மார்ச் வரையான செலவுப் பட்டியல் ஒரு சிறு விரலால் துடைத்தெடுக்கப்பட்டிருந்தது. அடுத்து வரவேண்டியவை சிறுபறை, சிறுதேர். அம்மம்மா சட்டி மூடிகளை இப்போதே இறாக்கையின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார்.

அட்டவணை சரி. ஆனால் எறும்பை விட்டு ஏன் வந்தது?

இங்கே அம்மம்மாவையே சாட்சிக்கு அழைக்கவேண்டியிருக்கிறது. அவரும் வீட்டிலிருந்து வேலை செய்தவர்தான், பன்பாய் இழைத்தார். கூரை வளையில் சீலையால் ஏணை, ஏணையிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் நுனி அவர் கால் பெருவிரலில். கை பன்னில் ஓடும். கால் ஏணையை ஆட்டும். வாய் பாடும், நடுவே பக்கத்து வீட்டுக்காரியோடு ஊர்க்கதையும் பேசும். கண் பாயில் பாதி, பிள்ளையில் பாதி. பிள்ளை குழப்பியதில்லையா என்று கேட்டால், “பன்ன இழுப்பான், பிறகு விட்டிருவான்” என்கிறார். அந்த வேலை கையை எடுத்துக்கொண்டு முகத்தைப் பிள்ளைக்கு விட்டது. மடிக்கணினி கண், காது, வாய் என்று முகம் முழுவதையும் எடுத்துக்கொண்டு காலை மட்டும் விட்டுவைக்கிறது. ஏணைக் கயிறு இல்லாத காலால் என்ன செய்ய?

இதைச் சோதித்தும் பார்த்தாயிற்று. தாய் உடுப்பு மடித்தபோது பிள்ளை எறும்போடு இருந்தது. கீரை ஆய்ந்தபோதும் இருந்தது. மடிக்கணினியைத் திறந்ததும் வந்தது. மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு, வெறுஞ்சுவரை அதே முகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னபோது, அப்போதும் வந்தது. சுவரில் பார்க்க ஒன்றுமில்லை, தன் கையொப்பத்தைத் தவிர.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களிலேயே இதைக் கண்டார். தாயைப் பிள்ளைக்கு எதிரே இருக்கவைத்து, சிரித்துப் பேசச் சொல்லி, பிறகு திடீரென முகத்தை அசையாமல் வைத்திருக்கச் சொன்னார். பிள்ளை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டிப் பார்க்கும், கத்திப் பார்க்கும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உபாயங்களின் வரிசையைக் கவனிக்கவேண்டும். அம்புலிப் பருவத்தை இந்த ஆராய்ச்சி தலைகீழாகப் படித்துவிட்டது. அழைக்கும் புலவர் பிள்ளை. வர மறுக்கும் நிலா தாய். பிஸ்கட் துண்டும் தானமாகத்தான் வைக்கப்பட்டிருக்கவேண்டும். அம்மா எதைப் பார்க்கிறாரோ அதற்குத் தீத்திவிட்டால் அது வயிறு நிறைந்து அவரை விட்டுவிடும் என்ற கணக்கு.

தானத்துக்கு இங்கிலாந்திலும் சான்று உண்டு. சார்ள்ஸ் டார்வின் டவுன் என்ற கிராமத்து வீட்டிலிருந்தபடியே எழுதியவர். பிறந்த பிள்ளைகள் பத்துப்பேர். வேலை நேரத்தில் விளையாட வரும்படி கேட்டு, நாலு வயது மகன் ஒருவன் அவருக்கு ஆறு பென்னி லஞ்சம் கொடுக்கப் பார்த்ததாகக் குடும்பத்தார் எழுதிவைத்திருக்கிறார்கள். உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலின் கையெழுத்துப் பிரதியில் பெரும்பகுதி இன்று இல்லை. பிழைத்த தாள்களில் சில பிழைத்ததற்குக் காரணம், பின்பக்கத்தில் பிள்ளைகள் படம் கீறியிருந்ததுதான். ஒன்றில் காய்கறியும் பழமும் குதிரைவீரர்களாகிச் சண்டை போடுகின்றன. அறிவியல் அழிந்தாலும் கத்தரிக்காயை எறிய அந்த வீட்டில் மனம் வரவில்லை.

காகிதத்தின் அருமை வாழைச்சேனைக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. இலங்கையின் முதல் காகித ஆலை 1956இல் எழுந்தது இங்கே; வயல் வைக்கோலைக் கூழாக்கி, தாளாக்கி, நாட்டுக்கு அனுப்பிய ஊர். பிறகு ஆலை வருடக்கணக்கில் மூடிக் கிடந்தது. 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். ஆகவே இந்த வீட்டில் ஒருபக்கம் அச்சான தாளை எறியும் வழக்கம் இல்லை. மறுபக்கம் பிள்ளைக்கு.

எக்செல் தாள் துடைபட்ட அன்று பின்னேரம், தாய் அழவும் இல்லை, அடிக்கவும் இல்லை. பிள்ளையின் பாயைத் தூக்கி உதறினார். ஒரு கரண்டி, ஒற்றைச் செருப்பு, காய்ந்த மிளகாய்க் கன்று, நாலாய் மடிந்த தாள்கள் விழுந்தன. மார்ச் கடைசியில் ரவுட்டர் பழுதான நாளில், கொமினிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்த அதே செலவுப் பட்டியல், நீலப் பேனை படிந்து, ஒரு மூலை நனைந்து கிடந்தது.

இரவு எட்டு மணிக்குத் தட்டச்சுத் தொடங்கியது. ஜனவரி தப்பியது. பெப்ரவரியில் போக்குவரத்துச் செலவின் மேலே பேனை சுற்றிச் சுற்றி ஓடியிருந்தது. இலக்கம் எட்டுப்போலவும் மூன்றுபோலவும் தெரிந்தது. தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவரிடமே கேட்டார்.

“மனே, இது எட்டா, மூண்டா?”

ஆய்வுப்பொருள் தாளை இரண்டு கையாலும் வாங்கி, மூக்கருகே கொண்டுபோய், நெடுநேரம் பார்த்தது.

“எம்பு” என்றது.