ஸீட்டாவா, ஆல்ஃபாவா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். மழை பெய்தால் மண்பாதை வெண்ணெயாகிவிடும். மாருதி ஜிம்னி வாங்கப்போகிறேன். ஸீட்டா வேரியன்ட் போதும் என்கிறேன் நான். மருமகன் ஆல்ஃபாதான் வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: மருமகன் வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நீங்கள் குனிந்து அடியில் பாருங்கள். இரண்டிலும் அதே 1462 சிசி பெட்ரோல் இன்ஜின், அதே 210 மி.மீ. தரை இடைவெளி, லோ ரேஞ்சோடு அதே ஃபோர் வீல் டிரைவ். ஆறு ஏர்பேக்கும் இரண்டுக்கும் பொது. சேற்றுக்கு வேரியன்ட் பெயர் படிக்கத் தெரியாது.

ஆல்ஃபாவில் 9 அங்குலத் திரை உண்டு, குரூஸ் கன்ட்ரோல் உண்டு. உங்கள் ஊர் வளைவுகளில் அதை எங்கே போடுவீர்கள்? அலாய் வீலும் உண்டு. பாறையில் பலமாக இடித்தால் விரிசல் விடக்கூடும். ஸீட்டாவின் இரும்பு வீல் பெரும்பாலும் நெளியும், தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். ஆகவே ஸீட்டாவை எடுங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஆல் டெரெய்ன் டயர் போடுங்கள், மண்ணைப் பிடிப்பது அதுதான்.

ஒரே ஒரு விலக்கு. இருட்டிய பிறகு அடிக்கடி மலையிறங்குபவர் என்றால் ஆல்ஃபாவின் எல்இடி ஹெட்லைட்டுக்காகவே மருமகன் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

எதை வாங்கினாலும், காய்ந்த தார்ச்சாலை வந்ததும் டிரான்ஸ்ஃபர் லிவரை 2எச்-க்கு, அதாவது டூ வீல் டிரைவுக்கு, மாற்றிவிடுங்கள். ஃபோர் வீலிலேயே வளைத்தால் முன், பின் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து டிரைவ் பாகங்கள் தேயும்.