ஹார்ட் டிஸ்க் கேஸ்: முத்துக்குளித்துறை மரபு நோக்கில் ஓர் ஆய்வு

கொற்கை முத்தைப் பற்றி எழுதியவர்களுக்குக் குறைவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டுப் பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூல், அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கப்பலேறிவிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவர்களைப் பற்றி எழுதினார். எல்லோரும் முத்தையே பார்த்தார்கள். அது குடியிருந்த ஓட்டுக்கு ஓரமாகக்கூட இடம் கொடுக்கவில்லை. இந்தக் குறையை இக்கட்டுரை நீக்க முயல்கிறது. எமது கருதுகோள் இதுதான்: இரண்டாயிரம் ஆண்டுகளாக ஓட்டைப் பிளந்து உள்ளிருப்பதை எடுத்தே பழகிய, கொற்கை வழிவந்த தூத்துக்குடி, உள்ளிருப்பதைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற ஓட்டைத் தேடுவதில் பின்தங்கியிருக்கிறது.

முத்துக்குளிப்பு இங்கே கடைசியாக 1961-இல் நடந்தது. அந்நாட்களில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விட்டார்கள். உள்ளே ஆணிமுத்தா, வெறுஞ்சதையா என்பது ஏலம் எடுத்தவர் தலையெழுத்து. கேஸ் வாங்குவதில் இந்த மர்மம் அப்படியே தலைகீழாகிறது. உள்ளே போகப்போவது என்ன என்று நமக்குத் தெரியும்: செத்துப்போன லேப்டாப்பிலிருந்து கழற்றி, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்த டிஸ்க். தெரியாதது ஓடுதான். அட்டைப்பெட்டியில் மின்னல் படம் போட்டிருப்பதைத் தவிர அதைப் பற்றி வேறு சான்று கிடைப்பதில்லை.

முதலில் திணை. தூத்துக்குடி ஐயத்துக்கிடமின்றி நெய்தல். நெய்தலுக்குப் பொழுது எற்பாடு; கடையை மூடப்போகும் அந்த நேரத்தில்தான் டிஸ்க்கோடு ஆட்கள் ஓடிவருகிறார்கள். உரிப்பொருள் இரங்கல். பத்து வருஷத்துப் போட்டோக்கள் உள்ள டிஸ்க் ‘டிக், டிக்’ என்று சத்தமிட்டு நிற்கும்போது வீட்டில் எழுவது இதுவே. இலக்கணம் இவ்வளவு பொருந்தி வருகையில் இத்துறையைப் புலவர்கள் இதுவரை தொடாமல் விட்டது வியப்பு.

அடுத்தது அளவு. இங்குதான் ஆய்வு கடினமாகிறது, ஏனென்றால் இத்துறையில் பெயர்கள் பொய் சொல்கின்றன. இரண்டரை இஞ்ச் டிஸ்க்கின் அகலம் இரண்டே முக்கால் இஞ்ச். மூன்றரை இஞ்ச் டிஸ்க்கின் அகலம் நான்கு இஞ்ச். ஆகவே ஸ்கேலோடு கடைக்குப் போகிறவன் குழம்புவான். கடையில் நிகழும் உரையாடல் வருமாறு:

“லேப்டாப் டிஸ்க்கா, சிஸ்டம் டிஸ்க்கா அண்ணாச்சி?”

“கல்யாண வீடியோ டிஸ்க் தம்பி.”

தம்பி கேட்டது உருவத்தை. அண்ணாச்சி சொன்னது உள்ளடக்கத்தை. முத்து வியாபாரிகள் இந்தத் தவறைச் செய்ததில்லை. 20 துளையுள்ள தட்டில் தொடங்கி 1000 துளையுள்ள தட்டு வரை பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்து, பருமனைப் பிரித்த பிறகுதான் அழகைப் பற்றிப் பேசினார்கள். சிறிய டிஸ்க்குக்கு அந்தச் சல்லடை அதன் தடிமன். 7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் டிஸ்க்குகள் பெரும்பாலான கேஸ்களில் உட்காரும். கொள்ளளவு கூடிய சில 15 மில்லிமீட்டர் டிஸ்க்குகளை எவ்வளவு அழுத்தினாலும் மூடி மூடாது. அழுத்தவும் கூடாது.

இணைப்பு முனை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வ.உ.சி. துறைமுகத்துக் கிரேன், கன்டெய்னர் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. மூலைக் கொக்கி பொருந்தினால் தூக்கிவிடும். சாட்டா முனையும் அவ்வாறே: டேட்டாவுக்கு 7 பின், மின்சாரத்துக்கு 15 பின் என்று சிறிதுக்கும் பெரிதுக்கும் ஒரே அமைப்பு. அதற்கு முந்தைய ஐ.டி.இ. லேப்டாப் டிஸ்க்கில் 44 ஊசிகள் வரிசையாக நிற்கும். அதைக் கண்டால் கேஸும் அந்தக் காலத்ததாகவே கேட்க வேண்டும்.

மின்சாரம். யு.எஸ்.பி. 2.0 முனை 500 மில்லியாம்பியர் தரக் கடமைப்பட்டது, 3.0 முனை 900. சிறிய டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் ஏறத்தாழ ஓர் ஆம்பியர் கேட்கும். இந்தப் பற்றாக்குறையைப் போக்கவே பழைய கேஸ்களோடு இரண்டு தலை உள்ள ஒயர் வந்தது. அதன் இரண்டாம் தலை எதற்கு என்று தெரியாமல் வெட்டி எறிந்த வீடுகளும் உண்டு. பெரிய டிஸ்க்குக்கோ 12 வோல்ட் அடாப்டர் தனியாக வேண்டும்.

வேகம் என்பது பெரும்பாலும் பேராசை. சுழலும் சிறிய டிஸ்க் நொடிக்கு நூறு மெகாபைட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவே. அதற்கு 5 ஜிகாபிட் கேஸே தாராளம். 10 ஜிகாபிட் கேஸ் வாங்கினால் டிஸ்க் வெட்கப்படாது, ஓடவும் செய்யாது. ஆனால் மலிவென்று யு.எஸ்.பி. 2.0 கேஸ் வாங்குவோர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டெராபைட் கல்யாண வீடியோவை நகலெடுக்க 3.0-இல் மூன்று மணி நேரத்துக்குள் முடியும், 2.0-இல் எட்டு மணி நேரம். கல்யாணமே அதற்குள் முடிந்திருக்கும்.

இனி இத்துறையின் பெரும் பூசல்: அலுமினியமா, பிளாஸ்டிக்கா? அலுமினியமே சிறந்தது என்பர் ஒரு சாரார். என்னை? எனின், பெரும்பாலான டிஸ்க்குகள் தாங்கும் வெப்பம் 60 டிகிரி வரைதான். உலோகம் அந்தச் சூட்டை உடம்பில் வாங்கி வெளியே விடும். அற்றன்று என்பர் மறுசாரார்; உப்பளக் காற்று அலுமினியத்தைக் குழி குழியாகத் தின்னும், பிளாஸ்டிக்கைத் தீண்டாது. இருவரும் ஓரளவு உண்மையே சொன்னார். தின்னப்படுவது ஓட்டின் தோல்தான். கடற்காற்று முதலில் கெடுப்பது ஸ்க்ரூவையும் முனைகளின் பளபளப்பையும். ஆகவே எம் முடிபு: சுழலும் டிஸ்க்குக்குக் கெட்டி அலுமினியம், ஆனால் உள்ளே காற்றாடி வைத்து ஜாலி போட்ட வகை இவ்வூருக்கு ஆகாது, அது உப்புக் காற்றைக் காசு கொடுத்து உள்ளே இழுப்பது.

உப்புக்குப் பயந்து டிஸ்க்கைப் பாலிதீனில் சுற்றி, டேப் ஒட்டி, அதன்மேல் கேஸ் போடும் பழக்கமும் பதிவாக வேண்டும். ஹீலியம் அடைத்த பெரிய டிஸ்க்குகள் நீங்கலாக, சாதாரண டிஸ்க்கின் மேல் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமமாக அது வேண்டும். மூடாதே என்று அருகிலேயே அச்சிட்டிருக்கும். டேப் ஒட்டுகிறவர் கை சரியாக அந்த எழுத்தின் மேல்தான் போகும்.

கேஸுக்கு எவ்வளவு செலவிடலாம்? சுறாவைக் கட்டுகிறவருக்கு, எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு கூலி என்கிறார் மார்க்கோ போலோ. காவலுக்கு இந்த வட்டாரம் தந்த பழைய விகிதம் அது. 4000 ரூபாய் டிஸ்க்குக்கு இக்கணக்கில் 200 ரூபாய் வரும். அந்த விலைக்கு வரும் கேஸில் சுறா கட்டுப்படாது என்பது எம் கருத்து; விகிதத்தை இரட்டிப்பாக்கி, அதற்கு மேலும் கொஞ்சம் வைக்கலாம்.

கடைசியாக ஒரு விதிவிலக்கு. கடையில் ஓட்டோடு விற்கும் போர்ட்டபிள் டிஸ்க் சிலவற்றில், ஓட்டிலுள்ள சிப்பே எழுத்தையெல்லாம் பூட்டி எழுதும். டிஸ்க்கை வேறு கேஸில் போட்டால் படிக்காது. வேறு சிலவற்றில் சாட்டா முனையே இல்லை, யு.எஸ்.பி. முனை டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். இப்படி ஒன்றைப் பிளந்து எடுத்துக்கொண்டு மேற்சொன்ன ஆராய்ச்சிகள் அனைத்தையும் மனத்தில் நிறுத்திக் கடைக்குப் போனால், தம்பி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்குக் கேஸே வேண்டாம் அண்ணாச்சி, ஒயரை நேரா சொருகுங்க” என்பார். இக்கூற்று ஆய்வின் எல்லைக்குப் புறம்பானதால் இங்கு விவாதிக்கப்படவில்லை.