பேர் போட்டாச்சு, எந்திரிங்க

என் மச்சானோடு நேற்று ராத்திரியிலிருந்து எனக்குப் பேச்சில்லை. பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் மனுஷன் டிவியை அணைத்துவிட்டார். 'ஒன்லி யெஸ்டர்டே' படத்தின் உண்மையான முடிவே அந்தப் பெயர்களுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. சொன்னால், "பேர் போட்டா படம் முடிஞ்சுது மாமா" என்கிறார்.

அதுவரை உட்கார்ந்ததே பெரிது. யாராவது பேசாமல் வயலைப் பார்த்து நின்றால் போதும், கட்டைவிரல் பத்து விநாடி தள்ளிவிடும். சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் கடலையே வெறித்துக்கொண்டு வருகிறவருக்கு இந்தப் பத்து விநாடி தாங்கவில்லை. 2020 ஆகஸ்டில் கடலடியில் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு நெட் கொடுத்தது தள்ளுவதற்குத்தான் போலிருக்கிறது. அதற்கு முன் போர்ட் பிளேரில் (ஸ்ரீ விஜயபுரம் என்று சொல்ல நாக்கு இன்னும் பழகவில்லை) எல்லாப் படமும் நின்று நின்றுதான் ஓடும். வட்டம் சுற்றுவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்போம். இப்போது படத்தில் ஒருத்தி சும்மா நின்றால், "நெட் போச்சா?" என்று ரவுட்டரைத் தட்டப் போகிறார்.

ஜப்பான் கார்ட்டூன் என்றால் முடி சிலிர்த்த பையன்கள் கத்திக்கொண்டே பறப்பது என்றிருந்தேன். இசாவோ தகாஹாதா 1991இல் எடுத்த இந்தப் படத்தில் யாரும் கத்திக்கொண்டு பறப்பதில்லை. டோக்கியோவில் வேலை பார்க்கும் தாயெகோ, 27 வயது, லீவு போட்டு யாமகாத்தா பக்கம் குசும்பாப் பூ பறிக்கப் போகிறாள். ஐந்தாம் வகுப்புப் படித்த 1966ஆம் வருடமும் கூடவே ரயிலேறிவிடுகிறது.

அந்த வருடம் வீட்டுக்கு ஓர் அன்னாசிப் பழம் வருகிறது. ஒருவருக்கும் வெட்டத் தெரியாது. தெரிந்துகொள்ளும்வரை பழம் காத்திருக்கிறது. பிறகு அம்மா அறுக்க, குடும்பமே ஆபரேஷன் பார்ப்பதுபோல் சுற்றி உட்கார்கிறது. கடிக்கிறார்கள். மெல்லுகிறார்கள். இனிப்பில்லை. அக்காமார் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். சின்னவள் மட்டும் விடாப்பிடியாகத் தின்கிறாள். ஏமாற்றத்தை இவ்வளவு நிதானமாக மெல்லவிட்ட இயக்குநர் உண்டா என்று நான் உருகும்போது மாமியார் ஆரம்பித்தார்:

"காயை வாங்கிட்டு வந்திருக்கான் மனுசன். மோந்து பார்த்து வாங்க மாட்டானா?"

"அத்தை, அது டோக்கியோ. அங்கே அப்போ அது அதிசயப் பழம்."

"அபர்தீன் பஜார்ல குவிச்சு வெச்சிருக்கான், இதுல என்ன அதிசயம்? உப்பு மிளகாத்தூள் தூவியிருந்தா பிள்ளைங்க தின்னிருக்கும்."

ஜூஸ் போட்டிருக்கலாம் என்றார் மச்சான். காய்க்கு ஏது ஜூஸ், பச்சடிதான் என்றாள் என் மனைவி. வெல்லம் எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு. ரசம் வைத்தால் கசக்குமா என்று ஒரு கிளைவிவாதம். இதற்கு மட்டும் படத்தை நிறுத்தியே வைத்திருந்தார்கள். பத்து விநாடி தாங்காத ஆட்கள்!

சொல்ல வந்தது முடிவைப் பற்றி. அது இருக்கட்டும், அந்தக் கன்னம். இதில் பெரியவர்கள் வரும் காட்சிகளுக்குக் குரலை முதலில் பதிவுசெய்து, அதற்கேற்பப் பிறகு வரைந்தார்கள். அதனால்தான் தாயெகோ சிரித்தால் தசை அசைந்து கன்னத்தில் கோடு விழுகிறது. கார்ட்டூன் கதாநாயகிக்குக் கோடு போட எவ்வளவு தைரியம் வேண்டும்! இதையாவது ரசிக்கட்டும் என்று நிறுத்திக் காட்டினேன்.

மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கூர்ந்து பார்த்தார்.

"இருபத்தேழு வயசுங்கிறீங்க மாப்பிள்ளை. இன்னும் கட்டிக்குடுக்காம வெச்சிருந்தா கோடு விழாம என்ன செய்யும்?"