நாலாவது அடகுக் கடை வாழ்க!

2022 உள்ளாட்சித் தேர்தல் கணக்கில் தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள். எதில் வேண்டுமானாலும் இறங்கி, "இந்த ஊருக்கு என்ன கடை வேண்டும்?" என்று கேளுங்கள். ராத்திரி திறந்திருக்கும் மருந்துக்கடை, பல் டாக்டர், பணம் இருக்கும் ஏ.டி.எம். என்பார்கள். பாவம், தங்களுக்கு என்ன தேவை என்பது மக்களுக்கே தெரிவதில்லை. முதலாளிக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு எதிரே நாலாவது நகைக்கடன் கடையைத் திறக்கிறார்.

எத்தனை கச்சிதமான ஏற்பாடு! அட்சய திருதியைக்குக் கீழ்த்தளத்து நகைக்கடையில் வாங்கிய சங்கிலி, ஆனி மாதம் பள்ளிக் கட்டணத்துக்காக மாடியேறுகிறது. அலைச்சலே கிடையாது. ரிசர்வ் வங்கியும் 2025-இல் மனமிரங்கி, இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்றுவிட்டது. பல் வலியா? வளையலை வைத்துவிட்டு டவுனுக்குக் கார் பிடியுங்கள். ஏ.டி.எம்.தான் எதற்கு? அதுதான் கழுத்திலேயே தொங்குகிறதே.

மருந்துக்கடை கேட்டுத் திங்கள்தோறும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு போய்வந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவருக்கும் ஞானம் பிறந்தது. மனு எழுதித் தரும் கடை போட்டுவிட்டார். கூட்டம் அலைமோதுகிறது. கடைக்கு அட்வான்ஸ் கொடுத்த வகையில் அவர் வீட்டம்மாவின் தோடு மட்டும் நாலாவது கடையில் பத்திரமாக இருக்கிறது.

இரவு ஒன்பதுக்குமேல் காய்ச்சல் வருகிறவர்கள் தயவுசெய்து விடியும்வரை பொறுத்துக்கொள்ளவும்.